மூன்று கழுவல்

ஜூன் 3, திங்கள்

பத்ரி சார் அறைக்குக் கூப்பிட்டு, "வசுமதி, உங்க இங்கிலீஷ் நல்லா இருக்கும்" என்றார். பதினான்கு வருடமாக இந்தக் கம்பெனி லேபில் வேலை பார்க்கிறேன். என் கெமிஸ்ட்ரி நன்றாக இருக்கும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

தொழில்துறை வினையூக்கத்தில் புதுமை செய்கிறவர்களுக்கு டெல்லியில் ஏதோ ஒரு சங்கம் வருடா வருடம் விருது கொடுக்கிறதாம். மும்பையில் விழா, வெண்கலத்தில் சிலை. எங்கள் அங்காளா ஆர்கானிக்ஸ் அதற்கு விண்ணப்பிக்கப் போகிறது. கடலூர் சிப்காட்டிலிருந்து இதுவரை யாரும் வாங்கியதில்லையாம். கண்டுபிடித்தவர் பத்ரி சார், ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர். நாற்பது பக்கம் எழுத வேண்டியது நான்.

கண்டுபிடிப்பு ரொம்ப எளிது. மருந்துக் கம்பெனிகளுக்கு நாங்கள் ஒரு மூலச்சரக்கு செய்கிறோம். அது உருவாக ஒரு நிக்கல் பொடி வேண்டும். அதுதான் கேட்டலிஸ்ட், வினையூக்கி. பொடியைக் காரத்தில் ஊறவைத்துத் தயார் செய்து, அப்புறம் காரம் போக ஏழு தடவை தண்ணீரில் கழுவ வேண்டும். கம்பெனி ஆரம்பித்த நாள் முதல் ஏழு. ஏன் ஏழு என்று ஒருவரும் கேட்டதில்லை. பத்ரி சார் மூன்றே போதும் என்று கண்டுபிடித்தார். கொஞ்சம் காரம் ஒட்டிக்கொண்டிருந்தால் பொடி இன்னும் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. ஒரு தடவை போட்ட பொடி முன்பு ஐந்து பேட்ச் ஓடியது, இப்போது பதினொன்று ஓடுகிறது. கழிவு பாதி.

சுருக்கமாகச் சொன்னால், சரியாகக் கழுவாததற்கு விருது.

வீட்டில் சொன்னேன். குமரவேல் (கணவர், அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார்) அடுக்களைப் பக்கம் பார்த்து, "அப்ப நம்ம நித்திலா பாத்திரம் கழுவுறதுக்கு நோபல் பரிசே குடுக்கலாம்" என்றார். மகள் காதில் விழுந்துவிட்டது, இனி ஒரு வாரம் பாத்திரம் தொட மாட்டாள்.

கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கிறது. கிராம்பு வைத்திருக்கிறேன்.

ஜூன் 5, புதன்

விண்ணப்பத்தில் 'சுற்றுச்சூழல் பங்களிப்பு' என்று ஒரு கட்டம். நான்கு கழுவல் குறைந்ததால் வருடத்துக்கு இத்தனை லட்சம் லிட்டர் தண்ணீர் மிச்சம் என்று எழுதினேன். பத்ரி சாருக்கு ஒரே பூரிப்பு. இதை இவ்வளவு நாள் யோசிக்கவில்லையே என்றார். முறைக்கு ஒரு பெயரும் வைத்தோம்: கட்டுப்படுத்தப்பட்ட கார எச்சத் தொழில்நுட்பம். பிளான்ட்டில் ஆபரேட்டர்கள் இதை 'அரைக்குளியல்' என்கிறார்கள்.

விருதுக்கு மூன்று பேர் பெயர் கொடுக்கலாமாம். மூன்றாவதாக என் பெயரைப் போடுகிறேன் என்றார். குவாலிட்டி மேனேஜர் போஸ்ட் காலியாகப் போவதையும் போகிற போக்கில் சொன்னார். மும்பைக்கு விமானத்தில் போக வேண்டியிருக்கும். நான் விமானம் ஏறியதில்லை. நித்திலாவிடம் சொன்னேன், ஜன்னல் சீட் கேட்டு வாங்கிக்கோ என்றாள்.

ஜூன் 11, செவ்வாய்

'முதன்முதலில் கண்டறியப்பட்ட நாள்' என்று ஒரு கேள்வி. போன வருடம் ஜூன் 20, லேபில் நடந்த முதல் ட்ரையல் என்றார் பத்ரி சார். ஆனால் பிளான்ட் கணக்கில் அதற்கு ஒரு மாதம் முன்பே சரக்கு திடீரென்று நன்றாக வந்திருக்கிறது. எது சரி என்று பார்க்க ரெக்கார்டு ரூமுக்குப் போய்ப் பழைய ரெஜிஸ்டரை எடுத்தேன். ஒரு தேள் ஓடியது. அதைவிடப் பெரியது உள்ளே இருந்தது.

"12.5. தண்ணீர் லாரி வரவில்லை. மூன்று கழுவல் மட்டும். லேபில் கேட்டு ரியாக்டரில் ஏற்றப்பட்டது. வீ. தணிகாசலம்."

தணிகாசலம் பிளான்ட்டில் சீனியர் ஆபரேட்டர். இருபத்தெட்டு வருட சர்வீஸ், ரிடையராக இன்னும் மூன்று வருடம். குண்டு குண்டாக எழுதுவார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை கூடப் படிக்கலாம்.

ஆக, கண்டுபிடித்தது தண்ணீர்ப் பஞ்சம். எனக்கு ஒரே சிரிப்பு. ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு போய் பத்ரி சார் மேஜையில் விரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு தடவை படித்தார். அன்று லேபில் இருந்தது யார் என்று கேட்டார்.

ரெஜிஸ்டரில் இல்லை சார் என்றேன். அது உண்மை. ரெஜிஸ்டரில் இல்லை.

ஜூன் 12, புதன்

போன வருட லீவு கார்டைப் பார்த்தேன். மே 12 நான் லீவில்லை. லேபில் நாலு பேர் இருக்கிறோம். யார் வேண்டுமானாலும் போன் எடுத்திருக்கலாம்.

ஜூன் 14, வெள்ளி

பர்ச்சேஸ் பாஸ்கரிடம், கார் வாங்கி எவ்வளவு நாளாகிறது என்று சும்மா விசாரித்தேன். போன வருடம் மே பதினொன்று என்றார். மறுநாளே எல்லாருக்கும் பிரியாணி போட்டேனே, மறந்துட்டீங்களா என்று கேட்டார்.

மறக்கவில்லை. நல்ல பிரியாணி.

பல் வலி அதிகம்.

ஜூன் 20, வியாழன்

ஜெபராஜ் சார் கூப்பிட்டார். ஹெச்.ஆர். மேனேஜர். அவரும் என் இங்கிலீஷ் நன்றாக இருக்கும் என்றார்.

நடுவர்கள் தொழிற்சாலைக்கே வந்து ரெக்கார்டுகளைப் பார்ப்பார்களாம். மே மாதமே மூன்று கழுவல் நடந்திருப்பது தெரிந்தால் விருதும் போச்சு, பேட்டன்ட்டும் சிக்கலாகும். ரெஜிஸ்டரைக் கிழித்துப் போடலாம் என்றால் பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அடித்திருக்கிறது. ஆகையால் அந்த நாளுக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். அது கண்டுபிடிப்பு இல்லை, ஒழுங்கீனம். தணிகாசலத்துக்குக் குற்றப்பத்திரிகை கொடுத்து, விசாரணை வைத்து, ஃபைலில் போட்டுவிட்டால் நடுவர்கள் கேட்டாலும் பதில் இருக்கும்.

அதாவது அதே மூன்று கழுவல், மே மாதம் செய்தால் குற்றம், ஜூன் மாதம் செய்தால் விஞ்ஞானம். நான் இப்படிக் கேட்டதும் ஜெபராஜ் சார் மகிழ்ந்துபோய், "கரெக்டா புரிஞ்சுக்கிட்டீங்க" என்றார்.

மெமோவை நான்தான் எழுதினேன். கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் விருது விண்ணப்பம், இன்னொரு பக்கம் குற்றப்பத்திரிகை. 'நிலவிவந்த நடைமுறையைத் துணிந்து மீறி' என்ற வரியை இரண்டிலும் போட முடிந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது.

கேஸ் சிலிண்டர் இன்றும் வரவில்லை.

ஜூன் 24, திங்கள்

தணிகாசலம் மெமோவை வாங்கிக்கொண்டு நேராக லேபுக்கு வந்தார். இங்கிலீஷில் இருக்கிறது, என்ன போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள் என்றார். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. படித்துச் சொன்னேன். அவருக்குப் புரிகிற மாதிரி நன்றாகவே மொழிபெயர்த்தேன்.

முடிக்கிற வரை நின்றே கேட்டார். அப்புறம், "லேபில கேட்டுதான் ஏத்தினேன்னு எழுதி வச்சிருக்கேனே மேடம். அதப் பத்தி ஒண்ணும் போடலையா?"

"இல்லண்ணே."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். நான் பியூரெட்டைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. சரிங்க மேடம் என்று மெமோவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஜூலை 1, திங்கள்

தணிகாசலம் சஸ்பெண்ட். விசாரணை முடியும் வரை தினமும் காலை பத்து மணிக்கு கேட்டுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். ரூல். நான் பேங்க் போய்விட்டு உள்ளே நுழையும்போது எதிரே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. சஸ்பென்ஷனுக்கு யாராவது இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார்களா?

பல்லு தேவலையா மேடம் என்று விசாரித்தார். கன்னம் வீங்கியிருந்ததைக் கவனித்திருக்கிறார்.

ஜூலை 3, புதன்

இன்று முதல் பின்பக்க லாரி கேட் வழியாகப் போகிறேன். முக்கால் கிலோமீட்டர் கூடுதல். நடந்தால் உடம்புக்கு நல்லது.

ஜூலை 9, செவ்வாய்

ரூட் கெனால் முதல் சிட்டிங். டாக்டர், இவ்வளவு நாள் எப்படிம்மா பொறுத்துக்கிட்டீங்க என்று கேட்டார். வாயில் மெஷின் இருந்ததால் பதில் சொல்லவில்லை.

விருதுக்குக் கடைசி ஆறு பேரில் எங்கள் பெயர் வந்துவிட்டது. பத்ரி சார் மைசூர்பாகு கொடுத்தார். ஒரு பக்கமாகக் கடித்துச் சாப்பிட்டேன். ஆகஸ்ட் ஆறாம் தேதி நடுவர்கள் வருகிறார்கள். ரியாக்டர் ஹாலுக்கு பெயின்ட் அடிக்கிறார்கள்.

பத்ரி சாரைப் பற்றி ஒன்று எழுதி வைக்க வேண்டும். மூன்று கழுவலில் ஏன் நன்றாக வருகிறது என்று கண்டுபிடிக்க அறுபத்திரண்டு ட்ரையல் செய்தார். அத்தனை சாம்பிளும் நான்தான் பார்த்தேன். அது நிஜமான வேலை. அதைச் செய்தேன் என்று மட்டும் சொல்லியிருந்தாலே போதும். முதல் நாளும் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு.

ஜூலை 18, வியாழன்

விசாரணை. விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து நமச்சிவாயம் என்று ஒரு வக்கீல். கம்பெனி தரப்பில் ஜெபராஜ் சார். நடப்பதை வார்த்தைக்கு வார்த்தை எழுதுவதற்கு நான். ஏனென்றால் என் இங்கிலீஷ்.

மூன்று கழுவல்தான் கழுவினீர்களா என்று கேட்டார் வக்கீல். ஆமாம் என்றார் தணிகாசலம். விதி ஏழு என்று தெரியுமா? தெரியும். பிறகு ஏன்? தண்ணீர் இல்லை. அந்தப் பொடி காய்ந்துபோனால் தீப்பிடித்துக்கொள்ளும், பாதியில் விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் லேபுக்கு போன் செய்தேன். ஏற்றலாம் என்றார்கள், ஏற்றினேன்.

"லேபில யாரு சொன்னது?" என்று கேட்டார் வக்கீல்.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மேலே ஃபேன் கிறீச் கிறீச் என்று ஓடியது.

"சொன்னவங்க சொல்லட்டும் சார்" என்றார் தணிகாசலம். என் பக்கம் திரும்பவே இல்லை.

பெயரைச் சொல்ல மறுத்தால் உங்களுக்குத்தான் நஷ்டம், டிஸ்மிஸ் வரை போகலாம், கிராஜுவிட்டியும் கிடைக்காது என்று ஜெபராஜ் சார் எச்சரித்தார். அதற்கும் அதே பதில். நான் எழுதினேன். இரண்டு தடவையும் எழுதினேன். கையெழுத்து நன்றாகவே வந்தது.

சரி. இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

போன வருடம் மே 12, மதியம் ஒன்றரை மணி. பாஸ்கரின் கார் பிரியாணி. என் வலது கை பிரியாணிக்குள். போன் அடித்தது, இடது கையால் எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டேன். மேடம், மூணு கழுவலோட தண்ணி தீந்துபோச்சு, லாரி வரல, கழுவுன தண்ணிய சாம்பிள் அனுப்புறேன், பாத்துட்டு சொல்றீங்களா என்று கேட்டார் தணிகாசலம். சாம்பிளைப் பார்க்க வேண்டுமென்றால் கை கழுவ வேண்டும், எழுந்து போக வேண்டும், பிஹெச் மீட்டரைப் போட வேண்டும். அதற்குள் லெக் பீஸ் ஆறிவிடும்.

"கொஞ்சம் காரம் இருந்தா என்ன செத்தா போயிடும்? ஏத்துங்கண்ணே" என்றேன்.

ஏற்றினார்.

ஜூலை 19, வெள்ளி

இதை இப்படியும் பார்க்கலாம். பதினான்கு வருட அனுபவத்தில் எனக்கு ஓர் உள்ளுணர்வு தோன்றியிருக்கலாம். காரம் மிச்சமிருந்தால் நல்லது என்று உள்மனதுக்குத் தெரிந்திருக்கலாம். அப்படியானால் கண்டுபிடித்தது நான். விருது எனக்குத்தான் வர வேண்டும்.

அரை மணி நேரம் இந்த யோசனை நன்றாக இருந்தது. பிறகு லெக் பீஸ் நினைவுக்கு வந்துவிட்டது.

ஜூலை 22, திங்கள்

குமரவேலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கடைசித் துண்டு வரை மடித்துவிட்டு, நான் சொன்னால் என்னை என்ன செய்வார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது, நித்திலாவுக்கு அடுத்த வருடம் பத்தாவது என்றார். அந்த ஆளே உன் பெயரைச் சொல்லவில்லை, நீ எதற்குப் போய்க் கழுத்தை நீட்டுகிறாய், பேசாமல் மும்பை போய்விட்டு வா என்றார்.

நான் கேட்க நினைத்ததைத்தான் சொன்னார். அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது எனக்கு. இரண்டு நாளாகப் பேசவில்லை என்று எழுதலாம்; ஆனால் இன்றுதான் சொன்னார். நாளையிலிருந்து பேசப் போவதில்லை.

ஜூலை 29, திங்கள்

லாரி கேட்டைப் பூட்டிவிட்டார்கள், பெயின்ட் வேலையாம். முன்வாசல் வழியாகப் போனேன். பத்தே கால். எதிரே இருக்கிற டீக்கடையில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம் வரை அங்கேயே இருக்கிறாராம். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். தினமும் சாப்பாடு கட்டி எடுத்துக்கொண்டு ஷிப்ட்டுக்குக் கிளம்புகிற மாதிரியே கிளம்புகிறாராம். இதைச் சொன்னவர் செக்யூரிட்டி. நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

மூன்று நடுவர்கள். இரண்டு பேர் ஏ.சி. அறையிலேயே படம் பார்த்து, முந்திரிப் பருப்பு சாப்பிட்டு, திருப்தியாக இருந்தார்கள். மூன்றாமவர் மாதங்கி என்று ஒரு அம்மாள். மாயவரத்துக்காரர், புனேயில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதிருக்கும். ரியாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இரும்புப் படியில் எங்களுக்கு முன்னால் ஏறிவிட்டார். பின்னாலேயே பத்ரி சார், ஜெபராஜ் சார், ஃபைல்களைச் சுமந்துகொண்டு நான்.

பத்ரி சார் விளக்கினார். அந்த அம்மாள் ட்ரையல் பட்டியலை வாங்கி முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"முதல் ட்ரையல்லயே மூணு கழுவல்னு இருக்கே. சாதாரணமா ஏழுலேர்ந்து ஆறு, அஞ்சுன்னுதானே கொறச்சுக்கிட்டு வருவோம்? நேரா மூணுக்கு எப்படிப் போனீங்க?"

பத்ரி சார் கொஞ்சம் யோசித்து, அது ஒரு உள்ளுணர்வு மேடம் என்றார்.

"யாருக்கு?"

ஜெபராஜ் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாடு தயாராக இருக்கிறது என்றார். மணி பத்தே முக்கால்.

இதைத் தைரியம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், நானும்தான். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் சரியான கெமிஸ்ட்ரி கேள்வி கேட்டார். அந்த மாடியில் முழு விடையும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வகுப்பில் கை தூக்குகிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அவ்வளவுதான்.

"லாரி வரல மேடம்" என்றேன்.

"எந்த லாரி?"

"தண்ணி லாரி. போன வருஷம் மே பன்னெண்டு. மூணு கழுவலோட தண்ணி தீந்துபோச்சு. ஆபரேட்டர் லேபுக்கு போன் பண்ணி, சாம்பிள் பாத்து சொல்லச் சொன்னாரு. பாக்காமலே ஏத்தச் சொன்னது நான்."

கையில் இருந்த ஃபைல்களில் கடைசியாக இருந்தது அந்த ரெஜிஸ்டர். அதை ஏன் எடுத்து வந்தேன் என்று ஜெபராஜ் சார் பிறகு கேட்டார். விடை தெரியவில்லை. விரித்துக் காட்டினேன். அந்த அம்மாள் குண்டு எழுத்தைத் தமிழில் உரக்கப் படித்தார். இவரைப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

லீவில் இருக்கிறார் என்றார் ஜெபராஜ் சார். சஸ்பென்ஷனில் இருக்கிறார், எதிரே டீக்கடையில்தான் உட்கார்ந்திருப்பார் என்றேன் நான். ஒரு தடவை வாய் திறந்துவிட்டால் அப்புறம் மூடுவதுதான் கஷ்டம்.

செக்யூரிட்டி போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. அந்த அம்மாள் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: ஏழு போடாததை எதற்காக எழுதி வைத்தீர்கள், எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே.

"நடந்தத எழுதலன்னா அடுத்த ஷிப்ட்டுக்கு வர்றவனுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் தணிகாசலம்.

அந்த அம்மாள் பத்ரி சாரைப் பார்த்தார். பத்ரி சார் ரியாக்டரைப் பார்த்தார். பெயின்ட் வாசனை தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

யாரும் என்னிடம் பேசவில்லை. பாஸ்கர் மட்டும் வந்து, பிரியாணி விஷயத்தை வெளியே இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

மாலையில் பத்ரி சார் லேபுக்கு வந்தார். முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே வசுமதி என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போயிருந்தார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

இரவு குமரவேல் தோசை வார்த்துப் போட்டார். நானாகப் பேச ஆரம்பித்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

விருது எங்களுக்குத்தான்!

ஆச்சரியக்குறி போட்டது நான் இல்லை, எம்.டி. அனுப்பிய சுற்றறிக்கையில் அப்படி இருக்கிறது. நடுவர் குறிப்பில் இரண்டு வரி: தற்செயலாக நடந்ததை ஒரு தொழிலாளி நேர்மையாகப் பதிவு செய்தார், அதன் காரணத்தை ஆய்வுக் குழு பொறுமையாகத் தேடிக் கண்டது, இரண்டும் சேர்ந்ததே இந்தப் புதுமை. எம்.டி.க்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நேர்மையான தொழிலாளி என்று போட்டிருக்கிறார்கள், அவரை சஸ்பென்ஷனில் வைத்திருக்கிறீர்களே என்று ஜெபராஜ் சாரைச் சத்தம் போட்டாராம். தணிகாசலம் வெள்ளிக்கிழமை வேலைக்கு வரலாம். முழுச் சம்பளம், மெமோ வாபஸ்.

ஆனால் விசாரணை ஃபைல் ஒன்று திறந்து கிடக்கிறது. திறந்த ஃபைலை யாராவது ஒருவர் பெயரில்தான் மூட வேண்டும் என்றார் ஜெபராஜ் சார். சாம்பிளைப் பார்க்காமல் அனுமதி கொடுத்ததை நானே மூன்று நடுவர்கள் வந்த நாளில் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதனால் எனக்கு மெமோ.

அதை எழுதித் தர முடியுமா என்று கேட்டார். வேறு யாருக்கும் இங்கிலீஷ் சரியாக வரவில்லையாம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

எனக்கு நானே குற்றப்பத்திரிகை எழுதினேன். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. தணிகாசலத்துக்கு எழுதியதைவிட நன்றாக வந்திருக்கிறது. அதில் குற்றம் என்னவென்று தேடித் தேடி எழுத வேண்டியிருந்தது. இதில் அந்தக் கஷ்டமே இல்லை. 'நிலவிவந்த நடைமுறையைத் துணிந்து மீறி' என்ற வரியை எடுத்துவிட்டேன். துணிச்சல் எங்கே இருந்தது? 'அலட்சியத்தால்' என்று போட்டேன்.

ஜெபராஜ் சார் படித்துவிட்டு, கொஞ்சம் கடுமையாக இருக்கிறதே, குறைக்கலாமே என்றார். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டு ஒரு காப்பியை வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

மும்பை விழாவை சாயங்காலம் கேன்டீனில் பெரிய டி.வி.யில் போட்டார்கள். எல்லாருக்கும் கேசரி. விருதுப் பட்டியலில் மூன்றாவது பெயர் இப்போது ஜெபராஜ் சாருடையது. தொழில்துறை வினையூக்கத்தில் புதுமை செய்த முதல் ஹெச்.ஆர். மேனேஜர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

தணிகாசலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பத்ரி சார் இங்கிலீஷில் பேசினார். இவர் அர்த்தம் கேட்டார். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த மே மாதத்து நண்பகலில் ரியாக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது தனக்குள் ஒரு பொறி தட்டியது என்றார் பத்ரி சார். அன்று அவர் திருப்பதியில் இருந்தார். திங்கட்கிழமை வந்து எனக்கு லட்டு கொடுத்தார்.

நம்மளப் பத்தி ஏதாவது சொல்றாரா என்று கேட்டார் தணிகாசலம். ஒரு சிறிய தண்ணீர்த் தட்டுப்பாடு இருந்தது என்று சொல்கிறார் என்றேன்.

"அப்ப லாரிக்காரனக் கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றார். கேசரி தொண்டையில் மாட்டிக்கொண்டது எனக்கு.

செப்டம்பர் 12, வியாழன்

என் விசாரணை. அதே அறை, அதே வக்கீல், அதே ஃபேன். எழுதுவதற்கு மட்டும் வேறு ஆள். அந்தப் பெண் ஸ்பெல்லிங் கேட்டபோதெல்லாம் நானே சொன்னேன். கம்பெனி தரப்புச் சாட்சி தணிகாசலம். நேற்றே கேன்டீனில் என்னிடம் வந்து, என்ன சொல்லணும் மேடம் என்று கேட்டார். நடந்ததைச் சொல்லுங்கண்ணே என்றேன். சொன்னார். போனில் நான் பேசியதை வார்த்தை மாறாமல், என் குரலின் சலிப்பு உட்படச் சொன்னார். அவ்வளவு அசிங்கமாகவா பேசினேன்?

நாற்பது நிமிடத்தில் முடிந்தது. ஒரு வருடத்துக்கு இன்கிரிமென்ட் கிடையாது. மேனேஜர் போஸ்ட் பற்றி இனிப் பேச்சில்லை. லேபில் சாம்பிள் கையெழுத்துப் போடும் அதிகாரம் போயிற்று. திங்கட்கிழமை முதல் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவு. வேலை போகவில்லை. குமரவேலுக்கு போன் செய்து சொன்னேன். சாயங்காலம் கறி எடுத்துட்டு வரட்டுமா என்று கேட்டார்.

செப்டம்பர் 13, வெள்ளி

லேபில் கடைசி நாள். டிராயரைக் காலி செய்தேன். பதினான்கு வருடத்தில் மூன்று பேனா, ஒரு சீப்பு, காலாவதியான தலைவலி மாத்திரை.

ஐந்து மணிக்கு பஸ் ஸ்டாப்பில் தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார். பஸ் வரவில்லை. வேறு யாரும் இல்லை. இரண்டு மாதமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். முதல் விசாரணையிலேயே என் பெயரைச் சொல்லியிருந்தால் உங்களுக்கு இவ்வளவு கஷ்டம் வந்திருக்காதே, ஏன் சொல்லவில்லை என்று.

உங்களைக் காப்பாற்ற நினைத்தேன் என்பார், அல்லது உங்களுக்குப் பெண் குழந்தை இருக்கிறதே என்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

அவர் டிபன் பாக்ஸ் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"உங்க பேரச் சொன்னா நீங்க இல்லன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம் மேடம். போன்ல பேசுனதுக்கு சாட்சி ஏது? நீங்க இல்லன்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சுது. அப்புறம் மூணு வருஷம் உங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது? டிஸ்மிஸ் பண்ணாக்கூட பரவால்லன்னு தோணுச்சு."

சே, அப்படியெல்லாம் சொல்லியிருப்பேனா அண்ணே என்றேன்.

அதுதானே என்று சிரித்தார். நெய்வேலி பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கை காட்டினார்.

சொல்லியிருப்பேன். ஜூலை பதினெட்டாம் தேதி, அந்த ஃபேனுக்கு அடியில், அவர் என் பெயரைச் சொல்லியிருந்தால், நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, இல்லை என்று சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு அதையும் நல்ல இங்கிலீஷில் எழுதியிருப்பேன்.